கடல் பார்க்கப் போன பதினோரு பேர்

பெரிய டீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகள். ஒரு புதன்கிழமை காலை, ஒன்பதரை மணி இருக்கும். தாமதமாக வரும் பிள்ளைகளையும் உள்ளே விட்டுவிட்டு நான் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தேன். ஏதாவது வேண்டுமென்றால் மேசை மணியைத் தட்டிக் கூப்பிடுகிறவர், அன்று தானே வாசல் வரை நடந்து வந்தார். முந்தானைக்குள்ளிருந்து அந்தப் பாக்கெட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நாலாம் வகுப்புல கதவோரம் உக்கார்ற பதினோரு பிள்ளைங்களையும் பீச்சுக்கு அழைச்சிட்டுப் போங்க ஆயாம்மா. அவசரமே இல்ல. கடலைப் பாக்கட்டும், மணல்ல விளையாடட்டும். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாப் போதும்.”

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் அந்த வகுப்பைக் கோளரங்கத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்ட சீட்டு கொண்டுவராததால் இந்தப் பதினோரு பேரும் பள்ளியிலேயே நின்றுவிட்டார்கள். பஸ் கிளம்பியபோது அவர்கள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையசைத்ததை நான் பார்த்தேன். அதற்கு ஈடாகத்தான் பெரிய டீச்சர் இதைச் செய்கிறார் என்று நினைத்தேன். இந்த அம்மா எதையும் மறக்கமாட்டார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பள்ளிக்கூடம் மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவில் ஒரு சந்தில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரைதான். நான் அங்கே ஆயா. பத்தாவது வரை படித்திருக்கிறேன். கூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, மணி அடிப்பது, வாந்தி எடுத்த பிள்ளையைக் கழுவிவிடுவது எல்லாம் என் வேலை. தலைமை ஆசிரியையை நாங்கள் எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வோம். அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல அந்த நாள் வரை என்னிடம் ஒரு சொல்கூட இல்லை. அவர் மேசை இழுப்பறையில் ஒரு பேன் சீப்பு இருக்கும். தலை நிறையப் பேனோடு வரும் பெண் பிள்ளைகளைத் தன் அறைக்கு அழைத்து, மடியில் பேப்பர் விரித்து, தானே வாரிவிடுவார். காய்ச்சல் வந்த பிள்ளையைத் தன் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். எந்தப் பிள்ளையின் அம்மா பெயர் என்ன, எந்த வீட்டில் கைக்குழந்தைக்கு இருமல், எல்லாம் அவருக்குத் தெரியும். இதை இங்கே எழுதாமல் விட்டால் நான் அவருக்குத் துரோகம் செய்தவளாவேன்.

கதவோரம் என்று அவர் சொன்னதையும் விளக்க வேண்டும். நாலாம் வகுப்பில் ஐந்து நீள பெஞ்சுகள். அதற்கு மேல் இடமில்லாததால் கதவுப் பக்கம் ஒரு பாய் விரித்திருப்போம். முதல் வகுப்பு எப்போதும் தமிழ் வாசிப்பு. பாடம் நடக்கும்போது தாமதமாக வந்த பிள்ளை பெஞ்சுக்குள் புகுந்து போனால் மற்றவர்களுக்குத் தொந்தரவு. அதனால் அப்படி வருகிறவர்களை நான் சத்தமில்லாமல் கையைப் பிடித்து அழைத்துப் போய் அந்தப் பாயில் உட்கார வைப்பேன். இரண்டாம் வகுப்பிலிருந்தே இதுதான் வழக்கம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. தாமதமாக வந்தவர்கள் பெரும்பாலும் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள். காலையில் அம்மாக்கள் மீன் எடுக்கப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு பிறகுதான் பள்ளிக்கு ஓடி வருவார்கள். பை பாயில் இருப்பதால் அன்று முழுக்க அங்கேயே இருந்துவிடுவார்கள். போகப் போக, சீக்கிரம் வந்த நாளிலும் அவர்களாகவே பாயில் போய் உட்கார்ந்தார்கள். டீச்சரின் கேள்வி முதல் பெஞ்சிலிருந்து புறப்படும். ஒவ்வொருவராக எழுந்து வாசித்து, ஐந்தாவது பெஞ்சுக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். அந்த மணியையும் நான்தான் அடித்தேன்.

ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து வரிசையாக நடந்தோம். சாந்தோம் நெடுஞ்சாலையை நான் கையைக் காட்டி நிறுத்திக் கடக்க வைத்தேன். வரிசையின் கடைசியில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்தாள். ஒன்பது வயது, மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. வழியெல்லாம் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாட்டுப் பாடுகிறாள் என்று நினைத்தேன்.

மணலில் கால் வைத்ததும் முன்னால் போன ஒரு பையன் நின்று திரும்பினான். வாயாடி அவன்.

“ஆயாம்மா, இன்னா இது? இங்கியா டூரு?”

“ஆமாடா கண்ணு. கடல் பாக்கத்தான் வந்திருக்கோம்.”

பதினோரு பேரும் ஒரே சிரிப்பு. சிலர் மணலில் விழுந்து சிரித்தார்கள்.

“அதோ நீலக் கலர் தார்ப்பாய் தெரியுதா? அதான் எங்க வூடு. காலைல இங்கருந்துதான் ஸ்கூலுக்கு வந்தன். நீ இன்னாடான்னா திரும்ப இங்கியே இட்டாந்துகீற!”

“ஆயாம்மா, நீ வா, நாங்க உனக்கு டூர் காட்றோம்” என்று இன்னொருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கடற்கரையில் பிறந்த பிள்ளைகளைக் கடல் பார்க்க அழைத்து வந்திருக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. அவர்கள் என்னை அழைத்துக்கொண்டு போய், இது எங்க மாமா படகு, இது உடைஞ்ச என்ஜின், இந்த வலையில சிக்குனா வெளிய வரவே முடியாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் இவர்கள்தானா என்று எனக்கு ஆச்சரியம்.

சாலையோர மீன் கடைகளைத் தாண்டும்போது அந்த இரட்டைச் சடைப் பெண்ணின் அம்மா பார்த்துவிட்டாள். அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து சங்கரா மீன் அறுத்துக்கொண்டிருந்தவள், கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“இன்னா ஆயாம்மா, ஸ்கூலு லீவா? இதுங்கள இன்னாத்துக்கு இங்க இட்டாந்த?”

“பெரிய டீச்சர்தாம்மா டூர் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. கடல் பாக்க.”

பக்கத்துக் கடைப் பெண் விடவில்லை. “கேட்டியா யக்கா! உம் பொண்ணு கடலயே பாத்ததில்லியாம், பாவம். டூரு வந்துகீது!”

கடை வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தாள். ஆனால் மகளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். “படிக்கிற நேரமாச்சே” என்று மெல்லச் சொன்னாள். பிறகு தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்: “சரி, அந்தம்மா சொன்னா எதுனா காரணம் இருக்கும். அவங்க நம்ம புள்ளைங்களுக்குக் கெடுதல் பண்ண மாட்டாங்க.”

கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிரித்தேன். எதிரே, வலை வைக்கும் கொட்டகைச் சுவரில் மீனவர்களுக்கான அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. அந்தப் பெண் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். “தென்மேற்கு வங்கக் கடல் பகுதிகளில் பலத்த காற்று வீசக்கூடும் என்பதால் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறார்கள்.” எங்கும் நிற்காமல், எழுத்துக் கூட்டாமல், செய்தி வாசிக்கிறவர்களைப் போலச் சொன்னாள். வழியெல்லாம் அவள் முணுமுணுத்தது பாட்டு இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடைப் பலகைகளையும், பஸ்ஸில் எழுதியிருந்ததையும், சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியையும் அவள் படித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

“உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியுமே.”

“எப்பலருந்து?”

“ரெண்டாங்கிளாஸ்லருந்து. அப்பா போனுக்குக் காத்து மெசேஜு வரும். அப்பாவுக்குப் படிக்க வராது. நாந்தான் சொல்லணும். தப்பாப் படிச்சா அப்பா கடலுக்குப் போய்டுமே. அதான் நல்லாப் படிப்பேன்.”

“டீச்சர்கிட்ட சொல்லலியா?”

“டீச்சர் கேக்கலியே.”

கையிலிருந்த பிஸ்கட்டை வாயில் வைக்க முடியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாயாடிப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரியாத ஒன்றைச் சொல்லித் தருகிற மாதிரி பொறுமையாகச் சொன்னான்.

“எங்கள இன்னாத்துக்கு இட்டாந்தன்னு உனக்கே தெரியாதா ஆயாம்மா? இன்னிக்கு ஆபீசரு வராரு. ஒவ்வொர்த்தரா எய்ந்து படிக்கச் சொல்வாரு. நாங்க இருந்தா ஸ்கூலுக்கு அசிங்கம்.”

“யாருடா சொன்னா?”

“யாரும் சொல்லல. போன வருசமும் இப்டித்தான். வவுத்து வலின்னு சொல்லி வூட்ல இருங்கன்னாங்க. இந்த வருசம் பிஸ்கட்டு.”

பிஸ்கட் கிடைத்ததால் இந்த வருடம் பரவாயில்லை என்பதுபோல இருந்தது அவன் குரல். கோபமில்லை, குறையில்லை. மற்றவர்களும் தலையாட்டினார்கள். பதினோரு பேருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். ஒன்பது வயதுப் பிள்ளைகள், தங்களைப் பார்த்தால் பள்ளிக்கு அவமானம் என்று தெரிந்துகொண்டு, ஒளிந்துகொள்ள வரிசையாக, தோளில் கை வைத்து, என் பின்னால் நடந்து வந்திருக்கிறார்கள். நான் அவர்களைச் சாலை கடக்க வைத்து, பத்திரமாகக் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறேன்.

“ஆபீசரு எத்தினி மணிக்குப் போவாரு ஆயாம்மா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவள் ஏன் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பை எங்கள் பள்ளியில் இரண்டு அறையாகப் பிரிப்பார்கள். பள்ளியைப் பார்வையிட வரும் ஆபீசர் முன்னால் நன்றாக வாசித்தவர்கள் ஓர் அறை. அதற்கு ஒரு டீச்சர் உண்டு. மற்றவர்கள் இன்னோர் அறை. அந்த அறைக்கு டீச்சர் வேலை பல வருடமாகக் காலி. நேரம் கிடைக்கும்போது பெரிய டீச்சர் போவார். கிடைக்காதபோது நான் போய் உட்காருவேன். சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று வெள்ளைத்தாளும் கலர் பென்சிலும் கொடுப்பேன்.

“எங்க அண்ணன் அந்த ரூம்லதான் இருந்துச்சு” என்றாள். “வருசம் ஃபுல்லா படம் வரைஞ்சிக்கினே இருந்துச்சாம். நீதான் பேப்பர் குடுப்பியாமே. எனக்கு அந்த ரூம் வேணாம் ஆயாம்மா.”

அவளுடைய அண்ணனை எனக்கு நினைவிருந்தது. படகு படமாக வரைந்து தள்ளுவான். என் மேல் ரொம்பப் பாசம். அவனுக்கு நான் நல்லது செய்ததாகவே அத்தனை நாள் நினைத்திருந்தேன்.

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டேன். “வாங்கடா, போலாம்” என்றேன். அந்த வயது வரை மேலிடத்தில் சொன்ன எதையும் நான் மீறியதில்லை. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆபீசரிடம் சொல்ல வேண்டிய வார்த்தையை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சார், இந்தப் பொண்ணு நல்லாப் படிப்பா. ஒரே ஒரு தடவை கேளுங்க சார். பிள்ளைகள் என்னைவிட வேகமாக, பாதி ஓட்டமாக வந்தார்கள்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஆபீசர் கிளம்பத் தயாராகப் பெரிய டீச்சரின் அறை வாசலில் நின்றிருந்தார். கையில் டீ கிளாஸ் இருந்தது. எங்களைப் பார்த்ததும் பெரிய டீச்சரின் முகம் வெளுத்தது. நான் நேராகப் போய், சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என் குரலை நானே அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

ஆபீசர் என்னைப் பார்த்தார். பிறகு பெரிய டீச்சரைப் பார்த்தார். “யாரு இவங்க?”

“மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வர்ற பிள்ளைங்க சார்” என்றார் பெரிய டீச்சர். “இந்தப் பக்கத்து ஏரியா.”

ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக் கதையும் தெரிந்தவர் அவர். அந்தப் பெண்ணை ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்க வந்தபோது தன் மடியில் வைத்துக்கொண்டு படிவம் எழுதியவர். அந்த வாய்தான் இதைச் சொன்னது. பிள்ளைகள் பதினோரு பேரும் அசையாமல் நின்றார்கள். ஆபீசர் அவர்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். எல்லோரும் எங்கள் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள். சட்டைப் பையில் பள்ளி முத்திரை தைத்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டார்.

“யூனிபாரம் நல்லா இருக்கு” என்றார். டீ கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைப் பார்த்துப் போய்விட்டார்.

அந்தப் பெண் அழவில்லை. பிறகு பெரிய டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டபோது என் புடவையைப் பிடித்துக்கொண்டு அவளும் வந்துவிட்டாள். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “இன்னொரு போஸ்ட்டும் போயிடும் ஆயாம்மா. ரிப்போர்ட் சரியில்லன்னா பிள்ளைங்களைச் சேர்க்க மாட்டாங்க. பிள்ளைங்க குறைஞ்சா டீச்சரை வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்க. அப்புறம் எந்தப் பிள்ளைக்குமே டீச்சர் இருக்க மாட்டாங்க. உங்களுக்கு அது புரியாது.” எனக்குப் புரியத்தான் செய்தது. “இவ படிக்கிறா பெரிய டீச்சர்” என்று மட்டும் சொன்னேன். “எங்கிட்ட யாரும் சொல்லலியே” என்றார். படிக்கக் கொடுக்க மேசையில் ஒரு புத்தகத்தைத் தேடினார். பதிவேடுகளும் கோப்புகளும்தான் இருந்தன.

அவள் காத்திருக்கவில்லை. ஆபீசர் எழுதிவிட்டுப் போன பார்வைக் குறிப்பேடு திறந்தபடி கிடந்தது. அதில் கண் போனதும் படிக்க ஆரம்பித்துவிட்டாள். கிறுக்கலான கையெழுத்து. நானே தட்டுத் தடுமாறித்தான் படித்திருப்பேன். அவள் மெதுவாக, ஆனால் பிழையில்லாமல் படித்தாள். நான்காம் வகுப்பில் வருகை தந்த அனைவரும் சரளமாக வாசிக்கின்றனர். வருகை தராதவர் பதினொருவர். பெற்றோருடன் தொழிலுக்குச் செல்வதால் இவர்கள் பள்ளிக்கு வருவதில்லை எனத் தலைமை ஆசிரியர் தெரிவித்தார். அதன் கீழே பெயர்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள், ஏழாவது பெயரில் நின்றாள். அது அவள் பெயர்.

“நான் வந்தனே டீச்சர்” என்றாள். “லேட்டாத்தான் வந்தன். ஆனா டெய்லி வந்தன்.”

பெரிய டீச்சர் குறிப்பேட்டை மூடினார். பிறகு ஐந்தாம் வகுப்புக்குத் தயார் செய்து வைத்திருந்த பட்டியலை எடுத்து, டீச்சர் இருக்கும் அறையின் பெயர்களுக்குக் கீழே அவள் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பெண் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு கதவைக் காட்டி, “அவங்களயும் கூப்டட்டா டீச்சர்? வெளில நிக்கிறாங்க” என்றாள்.

“நாளைக்குப் பாக்கலாம்” என்றார்.

அந்த “நாளைக்கு” வரவே இல்லை. ஜூன் மாதம் மற்ற பத்துப் பேரையும் நான்தான் டீச்சர் இல்லாத அந்த அறைக்கு அழைத்துப் போனேன். அன்று வெள்ளைத்தாள் எடுத்துப் போகவில்லை. பத்தாவது படித்த எனக்குத் தெரிந்த அளவில், பழைய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் படிக்கச் சொன்னேன். அந்த வாயாடிப் பையன் கடகடவென்று படித்தான். இன்னும் மூன்று பேர் படித்தார்கள். மிச்சம் ஆறு பேருக்கு எழுத்துகள்கூட முழுதாகத் தெரியவில்லை. இரண்டாம் வகுப்பிலிருந்து ஒருநாள்கூட முதல் பாடத்தை முழுதாகக் கேட்காத பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? நாலு பேரின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பெரிய டீச்சரிடம் கொடுத்தேன். “பாக்கிறேன்” என்று சொல்லி இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அந்த வருட முடிவில் அவர் ஓய்வு பெற்றார். அந்த நாலு பேரும் வருடம் முழுவதும் என்னோடுதான் இருந்தார்கள்.

இப்போது நான்கு வருடம் ஆகிறது. அந்தப் பெண் எட்டாவது படிக்கிறாள். போன வாரம் அவள் அம்மா என்னைக் கூப்பிட்டு, ஒரு வஞ்சிரத்தைச் சுத்தம் செய்து பையில் போட்டுக் கொடுத்தாள். “அடையாறு பக்கம் போறியாமே ஆயாம்மா, அந்தம்மாகிட்ட குடுத்துடு. எம் பொண்ணு இன்னிக்குப் படிக்குதுன்னா அவங்கதான் காரணம். அவங்களே டீச்சர் இருக்கிற ரூம்ல சேத்துக்கினாங்கன்னு சொல்லுச்சு.” மகள் அம்மாவிடம் அந்தப் புதன்கிழமையைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. பட்டியலில் பெயர் எழுதியதை மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அடையாறில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறார் பெரிய டீச்சர். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மீனை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பற்றியும் அவள் தம்பியைப் பற்றியும் விசாரித்தார். பிறகு அவராகவே, “மத்த பத்துப் பேர்?” என்றார். ஆறு பேர் பள்ளியை விட்டு நின்றுவிட்டதைச் சொன்னேன். அவர்களில் ஒருவனான அந்த வாயாடிப் பையன் ஐஸ் பெட்டி தூக்குகிறான் என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ, “அவனுக்கும் இன்னும் மூணு பேருக்கும் அப்பவே நல்லாப் படிக்கத் தெரியும் பெரிய டீச்சர். எழுதிக் குடுத்தேனே, நீங்க பாக்கவே இல்ல” என்றும் சொல்லிவிட்டேன்.

மீன் பையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நீங்க எழுதிக் குடுக்கிறதுக்கு முன்னாடியே தெரியும் ஆயாம்மா. பதினோரு பேர்ல அஞ்சு பேர் படிப்பாங்கன்னு நாலாம் வகுப்பு டீச்சரும் சொன்னாங்க, எனக்கும் தெரியும். அஞ்சு பேரை மட்டும் உக்கார வச்சிருந்தா, மிச்சம் ஆறு பேர் எங்கன்னு ஆபீசர் கேட்டிருப்பாரு. மொத்தமா கடற்கரைப் பிள்ளைங்க வர்றதில்லன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாரும் நம்பிடுவாங்க.”

எங்கிட்ட யாரும் சொல்லலியே என்று அன்று அவர் சொன்ன அதே முகம். அந்த முகத்தைப் பார்த்து நான் அத்தனை வருடம் ஆறுதல் பட்டிருக்கிறேன். ஒருவேளை தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டார் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. சொல்லிக்கொள்ளாமலே இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை மீன் கடைகளுக்குப் போனேன். அந்த அம்மா கையில் கத்தியோடு நிமிர்ந்து பார்த்தாள். “குடுத்தியா? இன்னா சொன்னாங்க?”

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா” என்றேன். “உம் பொண்ணு விஷயம் மட்டும் இல்ல. பதினோரு பேர் விஷயம்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். கத்தியைத் தண்ணீர் வாளியில் போட்டாள். மீன் கூடையைத் தள்ளி எனக்கு இடம் பண்ணிவிட்டு எழுந்து நின்று, கடை வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏ, எல்லாம் இங்க வாங்கடி! ஆயாம்மா வந்துகீது. நம்ம புள்ளைங்க சேதி இன்னாவோ சொல்லணுமாம்.”

ஒவ்வொருத்தியாக ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்து, நான் பேசத் தொடங்கினேன்.